சம்பவம் எதுவும் இல்லை

மேடைக்கு இடப்பக்கம்
இரும்புத் திரை இறங்கும் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி
மடக்கு நாற்காலி.
பிரெமர்ஹாஃபன் நகரத் தீயணைப்புத் துறை
அதில் என்னை உட்காரவைத்திருக்கிறது.
ஆட்டத்தில் செயற்கைப் புகை உண்டு.
கூரையின் புகையுணரிகளை அணைத்துவிட்டார்கள்.
ஒரு மூக்கும் இரண்டு கண்ணுமாக
அறுபத்திரண்டு நிமிடத்துக்கு
நான்தான் அந்தக் கருவி.

சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு முகம் தெரிகிறது.
எனக்கு விலாப்புறம்.
முழங்காலில் ஒட்டிய தோல்நிறப் பட்டை,
இருட்டுக்குள் வந்ததும்
வாயைப் பிளந்து காற்றைக் குடிப்பது,
சட்டைக் கையில் மூக்கைத் துடைப்பது.

முதல் பதினோரு நிமிடம் இசை கிடையாது.
ஏழு பேர், சாம்பல் சட்டை.
ஒருவன் கையை உயர்த்துகிறான்,
உயர்த்திக்கொண்டே இருக்கிறான்,
எட்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.
பிறகு வேறு வேலை ஞாபகம் வந்ததுபோல்
கை இறங்கிவிடுகிறது.
முதல் நாள் இந்த இடத்தில்
வெளிவாசல் விளக்குகளை எண்ணினேன். ஒன்பது.
இரண்டாம் நாளும் ஒன்பது.

முடிந்ததும் கோட்டு மாட்டும் இடத்தில் பேச்சு காதில் விழும்.
"கடல்தான் அது" என்றார் எக்கேஹார்ட்,
முப்பது வருடம் துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிநடத்தியவர்.
அவருக்கு எல்லாமே கடல்.
"கைவிடப்பட்டவர்கள்" என்றாள் ஆசிரியை வீப்கே.
வசந்தத்தில் அவள் வீட்டு அழைப்புமணியில்
இரண்டு பெயர்கள் ஒன்றானது தெருவுக்கே தெரியும்.
கையேட்டில் அச்சடித்திருந்தது:
இரு உடல்களுக்கு இடையேயான தூரத்தின் இலக்கணம்.
மீன் ஆலையில் ஐஸ் உடைப்பவர் ஒருவர்
"என் முதுகுவலி" என்றார். சிரிக்கவில்லை.

சீருடைக்கு அபிப்பிராயம் கிடையாது.

ஆனால் அந்த நாற்பதாவது நிமிடம்.
தோர்டிஸ் விழுகிறாள்.
ஒருவன் அவளை வாரிச் சுமக்கிறான்.

நினைவு போன உடலை நான் சுமந்திருக்கிறேன்,
லேஹேயில், நான்காம் மாடியிலிருந்து.
பிடித்த இடத்தை விட்டு
வேறெங்கோ ஒழுகிக்கொண்டே இருக்கும் கனம்.
அவள் கனம் அப்படியில்லை.
கழுத்து தளரும், கை ஊசலாடும்,
கணுக்கால் மட்டும் விழித்திருக்கும்.
அது பொய் சொல்கிறது என்று
மூன்று இரவும் எனக்குள் சிரித்துக்கொண்டேன்,
தொழில் தெரிந்தவனின் திமிர்.

நான்காம் இரவு
கணுக்கால் தூங்கிப்போனது.

எழுந்துவிட்டேன்.
நாற்காலி படாரென்று மடிந்தது.
கோட்டைத் தாண்டி என் பூட்ஸின் முனை, வெளிச்சத்தில்.
சுமப்பவனும் உணர்ந்திருக்க வேண்டும்.
பிடியை மாற்றினான், இடுப்பிலிருந்து அக்குளுக்கு,
எங்கள் பயிற்சி முற்றத்தில்
மணல் பொம்மையை வைத்துக் கற்றுத்தரும் அதே பிடி.
அவனுக்குக் கனமே கற்றுத்தந்திருக்கும்.
அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.
பிறகு கட்டைவிரலில் தொடங்கி
சாம்பலடியில் கங்கு புரளுவதுபோல
கால் மெல்ல அவளிடம் திரும்பியது.
அணைக்க மட்டுமே படித்தவன்
சும்மா நின்றேன்.

கைதட்டல் ஓய்ந்து, பின்வாசல் நடையில்
கழுத்தில் துண்டோடு வந்தாள்.
"நீங்கள் எழுந்தீர்கள்."
"மன்னிக்க வேண்டும்."
"எதைப் பார்த்தீர்கள்?"
"கணுக்காலை."
குனிந்து
யாருடையதோ போலத் தன் காலைப் பார்த்தாள்.
பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்தபடி போய்விட்டாள்.

படிவத்தில் எழுதினேன்.
புகை: செயற்கை.
அணைப்பான்கள்: இரண்டு, முத்திரை உடையாமல்.
அவசர வழிகள்: திறந்திருந்தன.
சம்பவம்:
பேனா அங்கே நின்றது.
சன்னலுக்கு வெளியே வேஸர் ஆற்றின் மேல்
எந்த இயந்திரமும் ஊதாத மூட்டம்,
எதிர்க்கரையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தது.
எதுவும் இல்லை, என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மேல்கோட்டை எடுக்க ஆணியை நோக்கி
வலது கை உயர்ந்தது,
ஆணியையும் தாண்டி
இன்னும் கொஞ்சம்.